குப்பை: ஒரு சொல்லின் வீழ்ச்சியும் இல்லத்தார் கடமையும்

பொருநராற்றுப்படையை முதுகலை மாணவர்க்குப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்த ஒரு நாள், பாட்டின் இறுதிப் பகுதியில் ஓர் ஐயம் எழுந்தது. காவிரி நாட்டின் வளத்தைப் பாடும் முடத்தாமக்கண்ணியார், குன்றுபோல் குவிந்து கிடக்கும் நெல்லைக் 'குப்பை' என்று குறிக்கின்றார். நகரத்தில் பிறந்து வளர்ந்த மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, உண்ணும் நெல்லைப் புலவர் குப்பை என்று சொல்லலாமா?" என்று வினவினாள். வகுப்பில் சிரிப்பெழுந்தது. கரிசற்காட்டு ஊர் ஒன்றிலிருந்து வந்திருந்த மாணவர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. "எங்கள் ஊரில் குப்பையை விலைக்கு வாங்குவோம், ஐயா. குப்பை அடிக்காமல் விதைக்க மாட்டோம்" என்றார்.

ஒரே வகுப்பில் ஒரே சொல்லுக்கு மூன்று பொருள்கள் அன்று எதிர்ப்பட்டன. புலவர்க்குக் குப்பை செல்வக் குவியல். உழவர் மகனுக்கு அது நிலத்திற்கு இடும் எரு. நகரத்து மாணவிக்கோ அது தெருவில் எறியத்தக்க அழுக்கு. இம்மூன்றும் எவ்வாறு ஒரு சொல்லிற்கு உரியவாயின என்று ஆராய்வது சொற்பொருள் ஆராய்ச்சியின் பாற்படும். ஆயினும் அவ்வாராய்ச்சி ஏட்டளவில் நில்லாமல் நம் அடுக்களை வரை வந்து நிற்கின்றது என்பதனைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குவியல் என்னும் பொருள்

'குப்பை' என்பது குவிதல் என்னும் வினையோடு உறவுடைய சொல் என்பர். குவை, குவால், குவியல் என்பன அதன் சுற்றத்தார். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட பேரகராதியும் குவியல் என்னும் பொருளையே இச்சொல்லுக்கு முதற்கண் வைத்துள்ளது. இனமொழிகளும் இதற்குச் சான்று பகரும். தெலுங்கில் 'குப்ப' என்பதும் கன்னடத்தில் 'குப்பெ' என்பதும் குவியலைக் குறிக்கும். தெலுங்கர் நெற்போரை இன்றும் 'வரிகுப்ப' என்று வழங்குகின்றனர். அழுக்கைக் குறிக்க அவர்க்குச் 'செத்த' என்னும் வேறு சொல் உண்டு. அழுக்கின் குவியல் என்னும்போதுதான் 'செத்தகுப்ப' என இணைத்துச் சொல்வர். அச்'செத்த' நம் 'செத்தை'யோடு ஒத்தது என்பதும், நமக்குச் செத்தை என்பது உலர்ந்த சருகே என்பதும் உளங்கொளத் தக்கன.

சங்க நூல்களில் இப்பொருள் நன்கு விளங்கும். நெல்லின் குப்பையை மேலே கண்டோம். நற்றிணை நெய்தற் பாட்டு ஒன்றில் உப்பின் குப்பை வருகின்றது. உப்பு விளைப்போர், வண்டிகளோடு வரும் உமணரை எதிர்நோக்கிக் கானலில் உப்பைக் குவித்து வைக்கின்றனர். அக்குவியல்மேல் ஏறி நின்ற இளமகளிர், கடலுள் மீன்வேட்டைக்குச் சென்ற தம்மவர் படகுகளை 'இது என் தந்தையது, அது உன் தந்தையது' என இனங்கண்டு எண்ணுகின்றனர். அக்குப்பைக்குப் புலவர் காவல் என்னும் அடையையும் கொடுத்துள்ளார். காவல் வைத்துக் காக்கத்தக்கதாக ஒரு காலத்தில் குப்பை இருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இதனால், வீட்டிற் பெருக்கி எறிந்தது அந்நாளில் குப்பை எனப்படவில்லை என்று கொள்ளலாகாது. குறுந்தொகையின் 305ஆம் பாட்டைப் பாடிய புலவர்க்குக் 'குப்பைக்கோழியார்' என்பதே பெயர். ஏவுவாரும் விலக்குவாரும் இன்றிக் குப்பையில் தாமே பொருது தாமே ஓயும் கோழிகளின் போரைத் தலைவியின் காமநோய்க்கு உவமையாக்கியதால் அவர் அப்பெயர் பெற்றார். அக்கோழிகள் பொருதது நெற்குவியலின்மேல் அன்று. மனைப்புறத்துக் குப்பைமேட்டின் மேலேயாம். எனவே பழங்காலத்திலேயே இச்சொல் எல்லாக் குவியலுக்கும் பொதுவாய் வழங்கிற்று என்க. குவிந்தது எது என்பது அடையால் விளங்குமேயன்றிக் குப்பை என்னும் சொல்லளவில் இழிவு ஏதும் இல்லை.

எரு என்னும் பொருள்

மனைப்புறத்துக் குவியல் பயனற்ற குவியல் அன்று. தொழுவத்துச் சாணம், மாடு கழித்த வைக்கோற் கூளம், அடுப்புச் சாம்பல், வாசற் சருகு, அடுக்களைத் தோல் ஆகிய யாவும் ஓரிடத்தில் சேர்ந்து மட்கிக் கோடையில் வண்டியேறி வயலுக்குச் சென்றன. ஆதலின் மருதநிலத்தானுக்கும் கரிசல்நிலத்தானுக்கும் குப்பை என்றால் எரு என்பதே பொருளாயிற்று. குப்பைக்குழி, குப்பை வண்டி, குப்பை அடித்தல் என்பன உழவர் வழக்கு. அம்மேட்டில் தானே முளைத்த கீரை குப்பைக்கீரை. மருந்துக்கு உதவிய செடி குப்பைமேனி. இழிந்த பொருளாயின் அதன் பெயரால் உணவையும் மருந்தையும் மக்கள் அழைத்திரார்.

திருக்குறளில் உழவு என்னும் அதிகாரம், உழுதல், எருவிடுதல், களைகட்டல், நீர்பாய்ச்சல், காத்தல் ஆகிய ஐந்தையும் ஒரு குறளில் வைத்து ஒப்பிடுகின்றது. உழுதலினும் எருவிடுதல் நன்று என்பது வள்ளுவர் துணிபு. மண்ணை நன்கு புழுதியாகக் காயவிட்டால் ஒருபிடி எருவும் வேண்டாது பயிர் விளையும் என்று மற்றொரு குறளில் கூறுவதும், பிற நிலங்களுக்கு எரு இன்றியமையாதது என்பதனை உட்கொண்டேயாம்.

இவ்வறிவை மேனாட்டு வேளாண் அறிஞரும் நம் உழவரிடமிருந்து கற்றனர். ஆல்பர்ட் ஹோவர்டு என்பார் 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றிய காலத்தில், பண்ணைக் கழிவும் சாணமும் அடுக்கடுக்காக இட்டுக் காற்றும் ஈரமும் அளவோடு ஊட்டி எருவாக்கும் முறையை வகுத்தார். யஷ்வந்த் வாட் என்பாரோடு சேர்ந்து 1931இல் அதனை நூலாகவும் வெளியிட்டார். அம்முறை இந்தூர் முறை என்றே உலகெங்கும் வழங்கலாயிற்று. தஞ்சையில் 1892இல் பிறந்த ஜே. சி. குமரப்பா, நிலைபேற்றுப் பொருளியல் என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் தலைப்பிட்டு 1945இல் ஒரு நூல் வெளியிட்டார். எடுத்தால் குறைந்து தீர்ந்துபோகும் செல்வம் ஒன்று, சுழன்று மீண்டும் மீண்டும் வந்து நிலைக்கும் செல்வம் மற்றொன்று எனப் பிரித்து, மனித வாழ்வு பின்னதைச் சார்ந்து அமைதல் வேண்டும் என்பதே அவர் கொள்கை. குப்பைக்குழி அத்தகைய சுழற்சியின் வீட்டளவிலான வடிவமேயாகும்.

சொல் இழிந்த வகை

நல்ல பொருளில் வழங்கிய சொல் தாழ்ந்த பொருளை அடைவதனைச் சொற்பொருள் நூலார் இழிபொருட்பேறு என்பர். அதற்கு எடுத்துக்காட்டாக 'நாற்றம்' என்னும் சொல்லையே நாம் வகுப்புதோறும் காட்டி வருகின்றோம். 'குப்பை'யும் அவ்வரிசையில் வைக்கத்தக்கதே. எனினும் இரண்டற்கும் ஒரு வேறுபாடு உண்டு. நாற்றம் இழிந்தபோது மலரின் மணம் கெடவில்லை. சொல் மட்டுமே மாறிற்று. குப்பை இழிந்ததோ அதனால் குறிக்கப்பட்ட பொருளே கெட்டமையால் என்று யான் கருதுகின்றேன்.

எரு கெட்டது எதனால்? கலப்பினால் என்பதே விடை. நெல் மட்டும் குவிந்தால் நெற்குப்பை. உப்பு மட்டும் குவிந்தால் உப்புக்குப்பை. மட்குவன மட்டும் குவிந்தால் எருக்குப்பை. இம்மூன்றும் செல்வமே. நெல்லும் உப்பும் ஒன்றாய்க் குவிந்தாலோ, இரண்டும் தத்தமக்குரிய விலையை இழக்கும். ஆகவே ஒரு பொருளை அழுக்காக்குவது அதன் இயல்பு அன்று, அது பிறிதொன்றோடு கலந்த கலப்பே. வாழைப்பழத்தோல் எருவாகும், கண்ணாடிப்புட்டி மீண்டும் கண்ணாடியாகும், மருந்தட்டை தனியே வைத்தால் தக்க முறையில் அழிக்கத்தகும். மூன்றையும் ஒரு பையில் இட்டு முடிச்சிட்ட நொடியிலே மூன்றும் ஒருங்கே பயனிழக்கின்றன. அவ்வகையில் குப்பையைக் குப்பையாக்குவோர் நாமே.

பண்டை மனையில் இக்கலப்புக்கு வாய்ப்புக் குறைவாக இருந்தது. அரிசி களைந்த நீரும் காய்கறித் தோலும் கழுநீர்ப் பானைக்குச் சென்று மாட்டுக்கு உணவாயின. பழைய பருத்திச் சேலை முதலில் குழந்தைக்குத் தூளியாயிற்று, பின்பு விரிப்பாயிற்று, அடுத்துக் கரித்துணியாயிற்று, இறுதியில் விளக்குத் திரியாகி எரிந்தது. உடைந்த பித்தளையும் இரும்பும் பேரீச்சம்பழக்காரன் கூடைக்கு மாறின. எஞ்சியன யாவும் மட்குவனவே ஆதலின் ஒரே குவியலில் இட்டாலும் தீங்கில்லை.

பிளாஸ்டிக் எனப்படும் நெகிழி வந்த பின்னர் நிலைமை மாறிற்று. மனிதன் கை மாறவில்லை. முற்றத்து மூலையில் எறியும் பழைய வழக்கமே தொடர்ந்தது. எறியப்பட்ட பொருள் மட்டும் மட்காத பொருளாயிற்று. நெகிழித்தாள் கலந்த எருவை உழவர் வயலில் இட அஞ்சினர். அதே காலத்தில் கடையில் மூட்டையாக விற்ற செயற்கையுரம் பெருகிற்று. வலிமை என்னும் பொருளுடைய 'உரம்' என்னும் பெருமைமிக்க பெயரும் அதற்கே பெரிதும் உரியதாயிற்று. குப்பைக்கு எஞ்சியது அழுக்கு என்னும் பொருள் ஒன்றே.

துப்புரவு என்னும் சொல்

இவ்விடத்து மற்றொரு சொல்லையும் நோக்குதல் தகும். 'துப்புரவு' என்றால் இன்று தூய்மை செய்தல் என்றே பொருள் கொள்கின்றோம். திருக்குறளின் நல்குரவு அதிகாரத்தில் அச்சொல் நுகரப்படும் பொருள்களைக் குறிக்கின்றது; தவம் என்னும் அதிகாரத்தில் துறந்தார்க்கு வேண்டும் உணவு முதலியவற்றைக் குறிக்கின்றது. நுகர்வைக் குறித்த சொல்லே நுகர்ந்தபின் எஞ்சியதை நீக்குதலைக் குறிப்பதாயிற்று. இம்மாற்றம் எவ்வழி நிகழ்ந்ததாயினும், நுகர்வும் துப்புரவும் இரு வேறு தொழில்கள் அல்ல, ஒரு செயலின் இரு முனைகளே என்று நினைவூட்டுதற்கு இச்சொல் பயன்படும். பொருளை வாங்கும்போதே அதன் எச்சம் எங்குச் செல்லும் என்பதும் நம் பொறுப்பாகிவிடுகின்றது.

அப்பொறுப்பை நாம் பிறர் தலையில் ஏற்றினோம். துப்புரவுப் பணியாளர் என்னும் பெயரைத் தமிழக அரசு 2020இல் தூய்மைப் பணியாளர் என மாற்றியது. நல்ல பெயரே. ஆயினும் உடைந்த கண்ணாடியும் ஊசியும் அழுகிய சோறும் கலந்த பையை அவர் கையால் துழாவிப் பிரிக்கும்படி விடுவோமாயின், பெயர் மாறியதால் அவர் விரலில் குருதி வடிதல் நிற்காது. மனிதக் கழிவை மனிதர் கையால் அகற்றுவதனை 1993ஆம் ஆண்டுச் சட்டமும் 2013ஆம் ஆண்டுச் சட்டமும் தடுத்துள்ளன. வீட்டுக் கழிவைக் கலவாமல் கொடுப்பதற்குச் சட்டத்தினும் மேலாக வீட்டார் மனமே காவல்.

பழைமையை முழுதும் போற்றுதலும் நேர்மையன்று. முன்பிறந்த குழந்தைகள் இறந்த வீட்டில், அடுத்துப் பிறந்த மகவைக் குப்பையில் புரட்டியெடுத்துக் குப்பன் என்றும் குப்பம்மாள் என்றும் பெயரிடும் வழக்கம் இருந்தது. இழிந்ததன் பெயரை இட்டால் கூற்றுவன் கண் படாது என்பது அவர் நம்பிக்கை. ஆகவே எருவாகப் போற்றிய காலத்தும் குப்பை தாழ்வின் குறியாகவும் இருந்தது. அதனை அள்ளுவோர் தாழ்த்தப்பட்டனர். நாம் மீட்க வேண்டுவது அக்காலத்தின் பயன்பாட்டு அறிவையேயன்றி, அதன் தாழ்வு மனப்பான்மையை அன்று.

இற்றை நாளின் குன்று

குப்பை உயரும், கோபுரம் தாழும் என்பது பழமொழி. காலமாற்றத்தைக் குறித்து எழுந்த அப்பழமொழி இன்று சொல்லுக்குச் சொல் உண்மையாயிற்று. சென்னை மாநகரில் நாள்தோறும் ஏறத்தாழ ஐயாயிரம் டன் அளவில் கழிவு சேர்கின்றது. வடக்கே கொடுங்கையூரிலும் தெற்கே பெருங்குடியிலும் பல்லாண்டு கொட்டியதனால் அவை மேடுகளாயின. பெருங்குடி மேடு அமைந்தது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேலேயாம். மழைநீரை ஏற்று வெள்ளம் தணித்துப் பறவைக்கு இடம் தந்த அந்நிலம் 2022இல் ராம்சர் உடன்படிக்கைப் பட்டியலிற் சேர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பெருங்குடி மேடு தீப்பற்றிப் பல நாள் புகைந்தது.

இத்தீக்கும் நம் அடுக்களைக்கும் தொடர்புண்டு. நம் நகரங்களிற் சேரும் கழிவில் ஏறத்தாழப் பாதி மட்கும் தன்மையது. அது காற்றோட்டமுள்ள குழியில் மட்கினால் எருவாகும். நெகிழிப் பையில் முடிச்சிடப்பட்டுப் பல அடி ஆழத்தில் அமிழ்ந்தாலோ, காற்றின்றி அழுகி மீத்தேன் என்னும் வளியை வெளியிடும். அது எளிதில் தீப்பற்றுவது. நூறாண்டு அளவில் கணக்கிட்டால் கரியமில வளியைவிட ஏறத்தாழ 28 மடங்கு புவியை வெப்பப்படுத்துவது. ஒரே கத்தரிக்காய்க் காம்பு ஒரு வழியிற் சென்றால் மண்ணுக்கு உணவு. மறுவழியிற் சென்றால் நகருக்குத் தீ. வழியைத் தேர்ந்து கொடுப்பது அடுக்களையில் நிற்பவர் கையே.

இல்லத்தார் செய்யத்தக்கன

முதலாவது, கலவாமை. 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள், மட்கும் கழிவு, மட்காக் கழிவு, தீங்குதரும் வீட்டுக்கழிவு என மூன்றாகப் பிரித்துத் தருதலை வீட்டாரின் கடமையாக வகுத்தன. பிரித்தல் கடினமன்று; கலந்தபின் பிரித்தலே கடினம். அடுக்களையில் இரண்டு கூடையும், மின்கலம், பழைய மருந்து, உடைந்த விளக்கு ஆகியவற்றுக்கு எட்டா உயரத்தில் ஒரு பெட்டியும் போதும். பால் உறையையும் எண்ணெய் உறையையும் ஒருமுறை அலசிக் காயவைத்தால் அவை காயலான் கடையிலும் ஏற்கப்படும். அலசாத உறை ஒன்று தாள்கட்டு முழுவதையும் கெடுக்கும். முன்னர்க் கூறிய கலப்பின் இலக்கணத்திற்கு இது கண்கூடான சான்று.

இரண்டாவது, மட்கச் செய்தல். நகரத்து வீட்டில் எருக்குழிக்கு இடமில்லை என்பர். மாடியிலோ பின்கட்டிலோ வைக்கத்தக்க ஒரு மண்பானை போதும். பானையின் பக்கங்களில் சிறு துளையிட்டு, அடியில் காய்ந்த சருகோ தென்னைநார்த் தூளோ பரப்பி, அதன்மேல் அன்றைய காய்கறித் தோலை இட்டு, மீண்டும் சருகால் மூட வேண்டும். சிறிது புளித்த மோரோ பழைய எருவோ தெளித்தால் மட்குதல் விரைவில் தொடங்கும். வாரம் ஒருமுறை கிளறிவிட வேண்டும். பிழிந்த துணியளவு ஈரம் இருத்தல் நன்று. நீர் மிகுந்தால் தீநாற்றம் எழும். அதற்கு மருந்து இன்னும் ஒருபிடி சருகே. எண்ணெய்ப் பண்டமும் புலாலும் சிறுபானைக்கு ஏலா. இரண்டு மூன்று திங்களில் மண்மணம் கமழும் கரிய எரு கிடைக்கும். ஒரு குடும்பம் நாளொன்றுக்கு ஒரு கிலோ மட்கும் கழிவு விடுமாயின், ஆண்டில் 365 கிலோ நகரின் மேட்டுக்குச் செல்லாமல் நிற்கும். நூறு வீடுள்ள ஒரு தெரு அதனைச் செய்தால் முப்பத்தாறு டன்னுக்கு மேலாகும்.

எம் இல்லத்தில் முதற்பானையை வைத்தபோது நீர் மிகுந்து நாற்றமெடுத்தது. அண்டை வீட்டார் குறைகூறவே அதனைக் கைவிட எண்ணினேன். ஊரிலிருந்து வந்திருந்த என் அன்னையார் பானையை ஒருமுறை நோக்கி, "ஈரத்தை மட்டும் போட்டிருக்கிறாய், செத்தை எங்கே?" என்றார். பள்ளிப்படிப்பு மிகுதியும் இல்லாத அவர்க்குத் தெரிந்த அளவு, சொல்லாராய்ச்சி செய்த எனக்குத் தெரியவில்லை. தெருவில் வேப்பமரத்தடியில் பெருக்கி எரிக்கவிருந்த சருகை ஒரு சாக்கில் வாங்கி வந்த பின்னர் நாற்றம் நின்றது.

மூன்றாவது, எரியாமை. போகியன்று பழையவற்றை எரித்தலுக்குத் துணையாக நன்னூலார் விதி ஒன்றை எடுத்துக்காட்டுவது நம்மவர் வழக்கம். அவ்விதி சொற்கள் வழக்கொழிதலையும் புதியன தோன்றுதலையும் பற்றியதேயன்றி, பாயையும் வட்டகையையும் தீயிலிடுதலைப் பற்றியது அன்று. வைக்கோலும் பழம்பாயும் எரிந்த காலம் வேறு. நெகிழியும் வண்டிச் சக்கர உறையும் எரியும் காலம் வேறு. 2018ஆம் ஆண்டுப் போகி நாளில் புகைமூட்டத்தால் சென்னை வானூர்தி நிலையத்தில் வானூர்திகள் தாமதமுற்றன. சில வேற்றூர்களுக்குத் திருப்பப்பட்டன. இலக்கணம் கற்றோராகிய நாம் அவ்விதியின் உண்மைப் பொருளைத் தெருவார்க்கு எடுத்துரைத்தலும் ஒரு தமிழ்ப்பணியே.

நான்காவது, குறைத்தல். பிரித்தலினும் மட்கச் செய்தலினும் சிறந்தது, வேண்டாததை வீட்டினுள் வரவிடாமையேயாகும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் பதினான்கனைத் தமிழக அரசு 2019 சனவரி முதல் நாளிலிருந்து தடை செய்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்னும் இயக்கத்தையும் தொடங்கியது. திருமண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுத்த மஞ்சட் பையை நாட்டுப்புறத்தான் அடையாளம் என நகைத்த தலைமுறை நம்முடையதே. அதனை மீண்டும் கையிலெடுக்க வேண்டியவரும் நாமே. மஞ்சட்பையைப் பத்து வாங்கி மூலையில் அடுக்குதல் குறைத்தலாகாது. இருக்கும் ஒன்றைக் கிழியும்வரை எடுத்துச் செல்லுதலே குறைத்தலாம். சட்டைப் பொத்தானைத் தைத்தல், செருப்பைத் தைக்கக் கொடுத்தல், குடையைச் செப்பனிடுதல் ஆகியனவும் இவ்வறத்தின்பாற் படுவன. அவற்றால் தெருவோரத் தொழிலாளர்க்கும் பிழைப்புண்டு.

ஓர் எதிர்வாதம்

ஆலைகள் மலைபோல் நெகிழியை வெளியிட, ஒருவர் ஒரு பானையில் தோலை மட்கச் செய்வதனால் ஆவதென் என்று வினவுவாருளர். வினா தக்கதே. உற்பத்தி செய்வாரைக் கட்டுப்படுத்தலும், பிரித்துக் கொடுத்ததை மீண்டும் ஒரே வண்டியிற் கலவாமல் கொண்டுசெல்லலும் அரசும் உள்ளாட்சியும் செய்ய வேண்டுவன. அவற்றை வலியுறுத்தாமல் வீட்டாரை மட்டும் குறைகூறல் நடுவுநிலைமை ஆகாது. ஆனால் பிரித்துக் கொடுத்தவர்க்கே, "ஏன் கலந்தீர்" என்று வண்டிக்காரரையும் அலுவலரையும் வினவும் உரிமை உண்டு. கலந்து கொடுத்தவர் அவ்வினாவை எழுப்ப இயலாது. ஒருவர் செயலின் பயனைக் கிலோக் கணக்கில் மட்டும் அளக்கலாகாது; அது அவர்க்குத் தரும் வினாவுரிமையையும் கணக்கிற் கொள்ள வேண்டும்.

முடிபு

ஒரு சொல் இழிவதும் உயர்வதும் அகராதியில் நிகழ்வதில்லை. மக்கள் கையில் நிகழ்கின்றது. கையின் பழக்கத்தை அகராதி பின்னர்ப் பதிந்துகொள்கின்றது, அவ்வளவே. நாம் கலந்ததனால் குப்பை அழுக்காயிற்று. பிரித்தால் அதன் ஒரு பாதியேனும் மீண்டும் எருவாகும். எருவானால் சொல்லும் தன் பழம்பொருளை ஓரளவு மீட்கும்.

அவ்வகுப்பில் வினா எழுப்பிய மாணவி, அடுத்த ஆண்டு விடுதியின் பின்புறத்தில் தோழியரோடு ஒரு தொட்டி வைத்தாள். அதன்மேல் சுண்ணாம்பால் 'குப்பை' என்றெழுதி, கீழே சிறிய எழுத்தில் 'பொருநராற்றுப்படைப் பொருளில்' என்றும் எழுதியிருந்தாள். அதற்குமேல் அப்பாடத்திற்கு யான் எழுதத்தக்க உரை இல்லை.